கை வைக்கலாம், சுடாது

அக்கா வீட்டுக்காரருக்கு எதுவும் ஒரிஜினலாக இருக்க வேண்டும். பெல்ட் வாங்கினால் நிஜத் தோல்தானா என்று முகர்ந்து பார்ப்பார். பிளாஸ்டிக் பூ வைத்திருக்கும் வீட்டில் அவருக்கு உட்காரவே பிடிக்காது. பழச்சாறு கடையில் நின்றால், "என் கண்ணு முன்னாடி பிழிப்பா" என்பார். அப்படிப்பட்ட மனிதர் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு போலித் தீ செய்து தரவேண்டும் என்று மைத்துனியிடம் வந்து நின்றார். அதிலும் "பார்த்தா நிஜத் தீயாவே இருக்கணும்" என்று நிபந்தனை வேறு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சிரித்ததற்காகப் பின்னால் அவள் தன்னையே ஒரு பாட்டம் திட்டிக்கொண்டாள்.

இந்த மைத்துனி ஒரு நாடக அரங்கில் விளக்கு வேலை பார்ப்பவள். அரங்கில் எல்லோருக்கும் அவள் லைட்டம்மா. அக்கா மகளுக்குச் சித்தி. நாமும் சித்தி என்றே சொல்வோம், அந்தத் தீயை அவள் அந்த ஓர் உறவுக்காகத்தான் செய்தாள். அக்கா வீட்டுக்காரரை அவள் மாமா என்று கூப்பிடுவாள். அதையும் அப்படியே வைத்துக்கொள்வோம், கதை முடிகிறவரை அந்த மரியாதை தாங்கினால்.

அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடப் பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை, சுண்டு என்றால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். நான்காவது பிறந்தநாளில் கேக்குக்கு முன்னால் நிறுத்தி மாமா அவளைப் படம் எடுத்தார். "இன்னும் கொஞ்சம் கிட்ட வாடா. மூஞ்சில வெளிச்சம் படட்டும். இன்னும் கிட்ட." மெழுகுவத்திகள் நிஜமானவை, நாலு. அவள் போட்டிருந்த வலைத்துணிச் சட்டைக்குக் கை நீளம். பிடித்ததும் தெரியவில்லை, பரவியதும் தெரியவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப்போனதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு பிறந்தநாளிலும் கேக் மொட்டையாகத்தான் வெட்டப்பட்டது. அடுப்பு எரிந்தால் சுண்டு சமையலறை வாசலோடு நின்றுவிடுவாள். தொலைக்காட்சியில் யாராவது தீக்குச்சி உரசினால் சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். 'தீ' என்ற சொல்லே அவள் வாயிலிருந்து வராது. "அது" என்பாள். "அது எரியுதா?"

அப்படிப்பட்ட பிள்ளை இந்த வருஷம் தானாகவே வாயைத் திறந்து கேட்டாள். கூடாரம் போட வேண்டும், தோழிகள் எல்லோரும் சுற்றி உட்கார வேண்டும், நடுவில் தீ இருக்க வேண்டும். "ஆனா சுடாத தீ. சித்தி பண்ணுவாங்க."

இதைக் கேட்டதும் அக்கா அழுதுவிட்டாள். மாமா கிளம்பி நேராகச் சித்தியிடம் வந்தார். விஷயம் முழுவதும் தெரிந்ததும் சித்தி அழவில்லை, அளவு நாடாவைத் தேடினாள்.

ஒன்பது நாள் ஆனது. ஒத்திகை இல்லாத நேரமெல்லாம் மேடைக்குப் பின்னாலிருந்த பட்டறையில் சித்தி இந்தத் தீயோடுதான் கிடந்தாள். வட்டமாக ஒரு பலகை அறுத்தாள். நடுவில், பழைய கணினியிலிருந்து கழற்றிய சின்ன விசிறியை, காற்று மேலே போகிற மாதிரி படுக்கவைத்தாள். அதற்கு மேல் சுண்டுவிரல்கூட நுழையாத கம்பி வலை. வலையில் ஆரஞ்சும் மஞ்சளும் சிவப்புமாகப் பட்டுத்துணியை நாக்கு நாக்காக வெட்டிக் கட்டினாள். விசிறி சுற்றினால் அவை எழுந்து ஆடும், நின்றால் படுத்துவிடும். அடியில் சூடே ஏறாத பல்புகள். எல்லாம் ஒரே தாளத்தில் மின்னினால் கடை வாசல் விளம்பரம் மாதிரி ஆகிவிடும் என்று மூன்று வரிசையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மங்கி எழும்படி வைத்தாள். கெட்டி ஸ்பாஞ்சைப் பிய்த்துக் கறுப்படித்து, பிளவுகளில் சிவப்பு வெளிச்சம் கசிய விட்டாள், தணல் ஆயிற்று. தடித்த பிளாஸ்டிக் தாளை மைக்குக்கு முன்னால் கசக்கிப் பதிவு செய்தாள், விறகு வெடிக்கிற சத்தம் ஆயிற்று.

விறகு மட்டும் நிஜம். பூங்காவில் வெட்டிப் போட்டிருந்த கிளைகளைப் பொறுக்கி வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். தேய்த்த ஒவ்வொரு குச்சியையும் தன் கன்னத்தில் இழுத்துப் பார்த்தாள். கீறினால் மறுபடி உப்புத்தாள். குழந்தை வாயில் போட முடிகிற அளவில் எதுவும் தனியாகக் கழன்று வரக் கூடாது என்று எல்லாவற்றையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். பேட்டரிப் பெட்டியை நாலு திருகாணி போட்டு மூடினாள். கடைசியாகத் துணி நாக்குகளை, அரங்கில் திரைச்சீலைக்குப் போடுகிற தீத்தடுப்பு மருந்துத் தண்ணீரில் முக்கி உலர்த்தினாள். தீயே இல்லாத இடத்தில் அது எதற்கு என்று கேட்டால், பழக்கம். மருந்தில் முக்காத துணியை அவள் இருபது வருஷமாக மேடை ஏற்றியதில்லை.

அரங்கத்துத் தச்சர் வந்து பார்த்தார். கை இரண்டையும் நீட்டிக் குளிர்காய்கிற மாதிரி உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு லைட்டம்மா. கொஞ்சம் ஓவரா நல்லா இருக்கு. இதுல கை வச்சுப் பழகின குழந்தை நாளைக்கு நிஜத் தீயைப் பார்த்தா என்ன பண்ணும்?"

சித்திக்குச் சுருக்கென்றது. "எங்க சுண்டுக்குத் தீன்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம்."

தச்சர் எழுந்து போய்விட்டார். லைட்டம்மாவிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அரங்கில் யாருக்கும் ஆசை கிடையாது.

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா சுண்டுவைப் பட்டறைக்குக் கூட்டி வந்தாள். சித்தி விளக்குகளை அணைத்துவிட்டுத் தீயை ஏற்றினாள். சுண்டு வாசலிலேயே நின்றாள். நின்றாள், நின்றாள், அரை மணி நேரம் நின்றாள். சித்தி கூப்பிடவில்லை. தீக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணி நாக்குகளுக்கு நடுவில் கையை விட்டுக்கொண்டு, அக்காவிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, சுடலையா?"

"ஜில்லுனு காத்து வருது. விசிறி இல்ல உள்ள?"

"நாளைக்கும் சுடாதா?"

"என்னைக்கும் சுடாது."

"சத்தியமா?"

"சத்தியமா. சித்தி பண்ணின தீ சுடாது."

சுண்டு வந்தாள். தழும்பு இல்லாத கையைத்தான் முதலில் நீட்டினாள். ஒரு விரல், அப்புறம் இரண்டு, அப்புறம் கை முழுவதும். பிறகு என்ன தோன்றியதோ, தழும்புக் கையையும் உள்ளே விட்டாள். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி அந்தச் சுருங்கிய தோலைத் தடவிக்கொண்டு ஆடியது. பிள்ளை சிரித்த சிரிப்பில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் சித்தி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். ஒருவர் "நெருப்பு நெருப்பு" என்று கத்த வேண்டும். உடனே மற்ற எல்லோரும் இரண்டு கையையும் தீக்குள் விட வேண்டும். கடைசியாக விட்டவர் அவுட். முப்பது தடவையாவது விளையாடியிருப்பார்கள். தச்சர் சொன்னதை அப்போது அவள் ஒரு கணம் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை.

தீயை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்த அன்று மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பிரமாதம். ஆனா வாசம் இல்லையே. புகை இல்லையே. நிஜத் தீக்கு ஒரு உயிர் இருக்கும் பாரு, அது இல்ல."

"உயிர் இல்லாததாலதான் மாமா சுண்டு கிட்ட வர்றா."

"எத்தனை நாளைக்குப் பொத்திப் பொத்தி வளர்க்கறது? அவ பயத்தை யாராவது ஒரு நாள் உடைக்கணும்ல?"

"அவளே உடைச்சுக்கிட்டு வர்றா. நீங்க பார்த்துக்கிட்டு இருங்க, போதும்."

மாமா ஒரு துணி நாக்கைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். "பட்டா? பத்திக்கிட்டா?"

"பத்தாது. மருந்துல முக்கினது. தீக்குச்சியைக் காட்டினாக்கூட கருகும், அவ்வளவுதான்."

"அப்படியா," என்றார் மாமா. கொஞ்சம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாதபோதே, மறுபடியும் "அப்படியா" என்றார். இரண்டாவது 'அப்படியா'வைச் சித்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறந்தநாள் மாலை நாலு மணிக்குக் கூடத்தின் ஜன்னல்களில் கனமான திரை போட்டு இருட்டாக்கினார்கள். நாற்காலிகளுக்கு மேல் போர்வை விரித்து இரண்டு கூடாரம். அட்டையில் வெட்டிய மரங்கள் சுவரோடு நின்றன. நடுவில் சித்தியின் தீ, படபட என்று பிளாஸ்டிக் விறகு வெடித்துக்கொண்டு. சுண்டுவோடு சேர்த்து எட்டுக் குழந்தைகள். வந்த ஏழு பேருக்கும் சுண்டுதான் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். "பயப்படாதீங்க. எங்க சித்தி தீ. கை வைக்கலாம், சுடாது." முதல் தடவை எல்லோரும் தயங்கினார்கள். நாலாவது தடவைக்கெல்லாம் கூரை பறந்தது.

இதைச் சித்தி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கேக் வெட்டி வைக்க அக்காவுக்கு உதவப் போனாள். ஐந்து நிமிஷம் இருக்கும். கூடத்தில் மாமாவின் குரல் கேட்டது. எல்லோரும் கண்ணை மூடச் சொன்னார், ஆச்சரியம் ஒன்று காத்திருக்கிறது என்றார். பிள்ளைகள் கெக்கலி கொட்டினார்கள். அப்பா என்றால் ஏதாவது கோணங்கித்தனம் செய்யட்டும் என்று சித்தி தட்டுகளை அடுக்கினாள்.

தட்டுகளோடு அவள் வாசலுக்கு வந்தபோது மாமா கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரம் நின்றிருந்தார்.

"இப்ப கண்ணைத் திறக்கலாம். அப்பா மூணு எண்ணுவேன். அப்புறம் நெருப்பு நெருப்புன்னு சொல்வேன். சுண்டு, நீ நட்டநடுவுல கை வைக்கணும், சரியா?"

விளக்கு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே நின்றாலும் தங்கள் விளக்கு சரியாக எரிகிறதா என்று கண் தானாகப் போய் எண்ணிவிட்டு வரும். சித்தியின் கண்ணும் போனது. துணி நாக்குகள் எல்லாம் விசிறிக் காற்றில் நேராக எழுந்து ஆடின. ஒன்று மட்டும், தடித்த கிளைக்குப் பின்னால் காற்றுக்கு மறைவாக, தனக்கென்று ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அதன் அடியில் கொஞ்சம் நீலம் இருந்தது. அவள் நீல பல்பே போடவில்லை.

அது துணி இல்லை, சுடர்.

"ஒண்ணு," என்றார் மாமா.

கத்த வாயைத் திறந்தாள். என்ன என்று கத்துவது? தீ என்றால், நெருப்பு என்றால், எட்டுப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே பதினாறு கையையும் உள்ளே விடும். அப்படித்தான் அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள். உலகத்தில் எந்தப் பிள்ளையும் அந்தச் சொல்லைக் கேட்டால் பின்னால் போகும். இந்தக் கூடத்தில் மட்டும் முன்னால் வரும்.

"ரெண்டு."

தட்டுகள் எங்கே விழுந்தன என்று அவளுக்குத் தெரியாது. போர்வைக் கூடாரம் ஒன்று காலில் மாட்டிச் சரிந்தது. யாரோ ஒரு பிள்ளையின் தோளைப் பிடித்து ஊன்றிக்கொண்டு முழங்காலில் விழுந்தாள்.

"மூணு. நெருப்பு நெருப்பு."

அவள் உள்ளங்கைதான் முதலில் போனது. சுடரின் மேல் கவிழ்த்து அழுத்தினாள். மறு கணம் அந்தக் கையின் மேல் பதினாறு கைகள் வந்து விழுந்தன, கூச்சலும் சிரிப்புமாக. கையை எடுக்க முடியாது. எடுத்தால் அடியில் உருகிக் கிடக்கும் மெழுகில் அடுத்த விரல் போகும். சித்தி எடுக்கவில்லை. மெழுகு உள்ளங்கையில் ஊறி இறங்குவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். சுண்டு அவள் முகத்துக்கு நேரே சிரித்தாள்.

"சித்தி ஃபர்ஸ்ட். நான்தான் செகண்டு."

"ஆமாண்டா தங்கம்," என்றாள் சித்தி. அவளுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் கையை எடுத்த பிறகு, சுட்ட கையை இறுக மூடிக்கொண்டு எழுந்து சமையலறைக்கு நடந்தாள். போகிற வழியில் மாமாவின் சட்டைக் கையை மறுகையால் பிடித்தாள். அவர் வந்தார். அவள் பிடித்த பிடியில் வராமல் இருக்க முடியாது.

குழாயைத் திறந்து கையை நீட்டினாள். ஒட்டியிருந்த மெழுகு உரிந்து விழுந்தது. அடியில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து, ஓரங்களில் கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது. அக்கா பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு?"

"உன் வீட்டுக்காரரைக் கேளு."

மாமா கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார், மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். "சின்ன மெழுகுவத்தி. ஒரே ஒரு துண்டு. தகர மூடியிலதான் வச்சேன்."

"எதுக்கு?"

"கை வச்சா கொஞ்சம் சூடு தெரியும், எடுத்துடுவா. அப்ப நான் சொல்லியிருப்பேன், பாத்தியா, இது நிஜத் தீ, நீ பயப்படாம கை வச்சேன்னு. அதோட போயிருக்கும் பயம். நான் பக்கத்துலதானே நின்னேன்."

"போன தடவையும் பக்கத்துலதான் நின்னீங்க. கையில இதேமாதிரி படம் எடுக்கிற சாமானோட."

மாமாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் மனிதர் விடவில்லை, சப்பைக்கட்டு கட்டினார். "நீதானே சொன்னே, துணி பத்தாதுன்னு."

அந்த 'நீதானே சொன்னே'யில் சித்திக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒன்பது நாள் குச்சி குச்சியாகக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தவள் அவள். யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று அவள் செய்து வைத்த ஒவ்வொன்றையும் இந்த மனிதர் தனக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"துணி பத்தாதுன்னுதான் சொன்னேன். புள்ள பத்தாதுன்னு சொன்னேனா?"

"மெதுவா பேசு," என்றாள் அக்கா. "பசங்க காதுல விழப்போகுது."

"விழட்டும். நீயும் மெதுவா பேசிப் பேசித்தான் அவரை இப்படி வச்சிருக்கே."

மாமா திடீரென்று எகிறினார். "உனக்கு என்ன தெரியும்? வாரத்துக்கு ஒரு நாள் வந்துட்டுப் போறவ. மூணு வருஷமா இந்த வீட்ல அடுப்பு பத்த வைக்கிறப்பல்லாம் அவ என்னைத் திரும்பிப் பார்க்கிறா. ஒண்ணும் சொல்ல மாட்டா. சும்மா பார்ப்பா. அதை நீ வாங்கிப் பார்த்திருக்கியா?"

சித்திக்குப் புரிந்தது. புரிந்தால் கோபம் தணிய வேண்டும் என்று சொல்வார்கள். அவளுக்கு இரண்டு மடங்காயிற்று.

"அப்ப இது அவ பயத்துக்குப் பண்ணினது இல்ல. அவ உங்களைப் பார்க்கிறது நிக்கணும்னு பண்ணினது. அதுக்கு அவ கையை மறுபடியும்..." உதடு நடுங்கியது. அழுகை என்று இவர் நினைத்துவிடுவாரே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

வாசலில் சுண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. சித்தியின் கையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

"சித்தி கை சுட்டுடுச்சா?"

மாமாதான் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லடா. சித்தி தீயில ஒரு பல்பு சூடாயிடுச்சு. ஒயர் கோளாறு."

சித்தி அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். கை எரிந்ததுகூட அந்த அளவுக்கு எரியவில்லை. ஒரு வாய் வார்த்தையில், சுடாது என்று அவள் சத்தியம் செய்து கொடுத்த தீயைச் சுடுகிற தீயாக்கிவிட்டார் மனிதர். இனி இந்தப் பிள்ளை எதை நம்பும்? கரண்டியோ டம்ளரோ எதையாவது எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

"இருபது நிமிஷம் வைக்கணும் சித்தி," என்றாள் சுண்டு. "தண்ணியில. நடுவுல எடுக்கக் கூடாது." சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

கூடத்தில் விறகு வெடிக்கிற சத்தம் நின்றது. "ஏய், ஏன் அணைச்சே?" என்று பிள்ளைகள் கத்தினார்கள். சுண்டு பதில் சொன்னது கேட்கவில்லை. மாமா வாசலைத் தாண்டப் போனார். சித்தி மறுகையை நீட்டி மறித்தாள்.

"நில்லுங்க மாமா. உங்க கோளாறு வருது."

சுண்டு வந்தாள். தழும்புக் கையில் ஒரு தகர மூடி. அதில் நசுங்கிப்போன மெழுகும் கறுத்த திரியும்.

"எதையும் திறந்து பார்க்கிறதுக்கு முன்னாடி அணைக்கணும்னு சித்தி சொல்லியிருக்காங்க. அணைச்சுட்டு எல்லாக் குச்சிக்குப் பின்னாடியும் பார்த்தேன். அடியில பல்பையெல்லாம் தொட்டேன். ஜில்லுனு இருக்கு." மூடியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் உடனே விலக்கினாள். அந்த வாசம் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "இது சித்தியோடது இல்ல."

சித்தி மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஓடியது.

"சொல்லுங்க," என்றாள் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

மாமா மகள் உயரத்துக்குக் குனிந்தார். "அப்பாதான்டா வச்சேன். நீ பயப்படக் கூடாதுன்னுதான்."

சுண்டு யோசித்தாள். "நான் பயப்படலையே அப்பா. கை வச்சேனே. முந்தாநாள்கூட வச்சேன். இந்தக் கையைக்கூட வச்சேன்."

சுண்டு தகர மூடியை அவர் கையில் கொடுத்தாள். அடுப்பு எரிகிறபோது பார்க்கிற அதே பார்வை பார்த்தாள். அதன் பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, சித்தியின் பக்கத்தில் நின்று, மீதி நிமிஷங்களை எண்ணினாள்.

இருபது ஆனதும் சித்தியை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுண்டு தடித்த கிளைக்குப் பின்னால் கையை விட்டுத் தீயின் பொத்தானை அழுத்தினாள். துணி நாக்குகள் எழுந்தன, தணல் கண் விழித்தது, படபட என்று சத்தம் கிளம்பியது. சுண்டு எட்ட உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சித்தி, நீங்க முதல்ல வைங்க."

இரண்டு நாள் முன்னால் அவள் இப்படிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்கூடக் கேட்கவில்லை. கை சுட்டபோது வராத கண்ணீர் சித்திக்கு அப்போதுதான் கண்ணில் வந்து நின்றது. மாமா என்ன எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று அவருக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது. காட்ட என்ன இருக்கிறது, ஒரு பிள்ளை மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சித்தி சுட்ட கையைத்தான் உள்ளே விட்டாள். விசிறிக் காற்று கொப்புளத்தில் பட்டு இதமாக இருந்தது. ஒவ்வொரு நாக்காகத் தொட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். சுண்டு அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடலையா?"

"சுடலை. நான் பண்ணினது சுடாது."

"அப்ப நீங்களே சொல்லுங்க. இனிமே வேற யாரும் சொல்லக் கூடாது."

பிள்ளைகள் கைகளைத் தூக்கிக்கொண்டு தயாரானார்கள். சுண்டுவும் தூக்கினாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாழ்வாக.

சித்தி மூச்சை இழுத்தாள். அடிவயிற்றிலிருந்து எடுத்து, அரங்கின் கடைசி வரிசைக்கும் அதற்கு அப்பால் தெருவுக்கும் கேட்கிற மாதிரி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"நெருப்பு நெருப்பு!"

பிள்ளைகள் ஒரு கணம் திடுக்கிட்டு, உடனே கொல்லென்று சிரித்துக் கைகளை உள்ளே விட்டார்கள். கடைசியாகச் சுண்டுவின் கையும் வந்தது. சமையலறையில் தகர மூடி கீழே விழுந்து, உருண்டு, நிற்க வெகுநேரம் ஆயிற்று.